கையெழுத்துக்கு யார் பொறுப்பு?

2019 நவம்பர் மாதம். ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பதவியை விட்டுப் போகவிருந்த மைத்திரிபால சிறிசேன, மரண தண்டனைக் கைதி ஒருவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். ராஜகிரியவில் ரோயல் பார்க் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2005இல் 19 வயதுப் பெண்ணொருத்தி கொல்லப்பட்ட வழக்கு அது. மேல் நீதிமன்றம் 12 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மரண தண்டனையாக்கியது. 2014இல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மூன்று நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் அலசி எழுதிய தீர்ப்பை ஒரு கையெழுத்து முடித்துவைத்தது. வெளியே வந்தவர் நாட்டைவிட்டே போய்விட்டார். அதே ஆண்டு ஜூனில், போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் கையெழுத்திட்டதாக அறிவித்தவரும் இதே சிறிசேனதான். 1976க்குப் பிறகு தூக்குக் கயிறு தொங்காத நாட்டில், அலுகோசு வேலைக்கு ஆள் தேடிப் பத்திரிகை விளம்பரமும் வந்திருந்தது.

தேர்தல் முடிந்தது. நவம்பர் 18ஆம் திகதி அநுராதபுரத்தில் கோட்டாபய ராஜபக்ச பதவியேற்றார். மூன்றே நாள். 21ஆம் திகதி கொழும்பு விசேட மேல் நீதிமன்றம் அவரை ஒரு வழக்கிலிருந்து விடுவித்தது. தம் தந்தை டி. ஏ. ராஜபக்சவின் நினைவாக எழுப்பிய அருங்காட்சியகத்துக்கு அரச கூட்டுத்தாபனம் ஒன்றின் பணம் 33 மில்லியன் ரூபாய்க்கு மேல் செலவானது என்ற வழக்கு. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று யாரும் சொல்லவில்லை. குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. எதிரி இப்போது ஜனாதிபதி, ஆகவே வழக்கை நடத்த முடியாது என்பதுதான் காரணம். அவருடைய பயணத் தடையும் அன்றோடு போயிற்று.

போகிறவர் பேனாவால் ஒருவரை வெளியே விட்டார். வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்ததாலேயே வெளியே வந்தார். அரசியலமைப்பில் முதலாவதுக்கு 34ஆம் உறுப்புரை இருக்கிறது, இரண்டாவதுக்கு 35ஆம் உறுப்புரை.

இலங்கையில் ஜனாதிபதிகளின் முறைகேடு என்று பேச்செடுத்தால், கொமிஷன், மாளிகை, வாகனத் தொடர், வெளிநாட்டுப் பயணம் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். களவை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் களவெடுத்தவரைப் பிடிக்கச் சாதாரணத் தண்டனைச் சட்டமே போதும். அரசியலமைப்பு கொடுத்த பேனாவால், அரசாங்க முத்திரையோடு, பகிரங்கமாகச் செய்யப்படும் காரியத்தை எந்தச் சட்டத்தால் பிடிப்பது என்பதுதான் நாற்பத்தைந்து வருடமாக இந்த நாட்டு நீதிமன்றங்களைப் படுத்திய கேள்வி.

ஜே. ஆர். ஜெயவர்த்தன 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தபோது, பதவியில் இருக்கும் ஜனாதிபதி உத்தியோக ரீதியாகச் செய்ததற்கும் தனிப்பட்ட முறையில் செய்ததற்கும் எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது என்று 35ஆம் உறுப்புரையில் எழுதிவைத்தார். 'தனிப்பட்ட முறையில்' என்பதைக் கவனியுங்கள். போகிற வழியில் ஒருவரை வாகனத்தால் இடித்துவிட்டுப் போனாலும், பதவி முடியும்வரை கேட்க முடியாது. ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பாராளுமன்றமும் கைக்குள் வந்தது.

நீதிமன்றத்தை அவர் கையாண்ட விதத்துக்கு ஒரு காட்சி போதும். 1983 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். இடதுசாரித் தலைவி விவியன் குணவர்தன பங்குகொண்ட ஊர்வலத்தைக் கொழும்பில் பொலிஸார் தடுத்தார்கள், அவரைப் பிடித்துப் போனார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நட்டஈட்டை அரசு கட்டியது. தீர்ப்பில் சிக்கிய பொலிஸ் அதிகாரிக்குக் கிடைத்தது பதவி உயர்வு. சில நாள் கழித்துத் தீர்ப்பெழுதிய நீதியரசர்களின் வீட்டு வாசல்களுக்கு அரச பஸ்களில் ஆட்கள் வந்திறங்கிக் கூச்சல் போட்டார்கள். உதவிக்கு அழைத்தால் பொலிஸ் வரவில்லை. பதவி உயர்வும் நட்டஈடும் என் உத்தரவுதான் என்று, விசாரிக்க வந்த சர்வதேச சட்ட வல்லுநர் போல் சீகார்ட்டிடம் ஜே. ஆரே ஒப்புக்கொண்டார். ஒளிவு மறைவே கிடையாது.

இம்பீச்மென்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். 1991இல் ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக அவருடைய கட்சிக்காரர்களே, லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும், குற்றப் பிரேரணையைக் கையெழுத்து வாங்கிச் சபாநாயகரிடம் கொடுத்தார்கள். பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது, பிரேரணை கரைந்தது, கொண்டுவந்தவர்கள் கட்சியிலிருந்து தூக்கப்பட்டார்கள். அந்தக் கதவு அதோடு சரி. இதற்கு மாறாக, ஜனாதிபதி நினைத்தால் பிரதம நீதியரசரை வீட்டுக்கு அனுப்புவது எத்தனை சுலபம் என்பதை 2013 ஜனவரியில் ஷிராணி பண்டாரநாயக்க விடயத்தில் மகிந்த ராஜபக்ச காட்டினார். திவிநெகும சட்டமூலத்தில் நீதிமன்றம் குறுக்கே நின்றது, சில மாதத்தில் அவர் பதவியில் இல்லை.

ஆக, வழி வேறெங்கோ திறக்க வேண்டியிருந்தது. அது சத்தமில்லாமல் திறந்தது. 1999இல், மாகாண சபைத் தேர்தல்களைத் தள்ளிப்போட்டதை எதிர்த்து வந்த வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ ஒரு வேறுபாட்டைக் காட்டினார். விலக்குரிமை ஜனாதிபதியைக் காப்பாற்றும், அவர் செய்த காரியத்தைக் காப்பாற்றாது. அந்தக் காரியத்தை நம்பி இன்னொரு அதிகாரி நடந்துகொண்டால், அந்த அதிகாரியை நீதிமன்றம் கேட்கலாம். கேட்கும்போது ஜனாதிபதியின் ஆணை செல்லுமா என்பதையும் பார்க்கலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் மட்டும் வாசிக்கும் தீர்ப்பாக அது கொஞ்சக் காலம் கிடந்தது. பிறகு 2008இல் வாட்டர்ஸ் எட்ஜ் வழக்கு வந்தது. பத்தரமுல்லையில் வெள்ளநீர் தேங்குவதற்காக மக்களிடமிருந்து எடுத்த நிலம், தனியார் கோல்ப் மைதானமாகிவிட்டது. சந்திரிகா குமாரதுங்க அப்போது பதவியில் இல்லை. அவர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார் என்று சொல்லி, 30 இலட்சம் ரூபாய் கட்டச் சொன்னது நீதிமன்றம். பதவி போனால் கவசமும் போகும் என்பதை முன்னாள் ஜனாதிபதி ஒருவர் அனுபவித்து அறிந்தது அப்போதுதான்.

பதவியில் இருக்கும்போதே கேட்கும் வழியை 2015இல் 19ஆம் திருத்தம் தந்தது. ஜனாதிபதியின் உத்தியோகச் செயலுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுப் போடலாம். போட வேண்டிய வேளை மூன்று வருடத்தில் வந்தது. 2018 அக்டோபர் 26 இரவு சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பாராளுமன்றத்தில் ஆள் சேரவில்லை. நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தையே கலைத்தார். நாலரை வருடம் ஆகுமுன் கலைக்கக் கூடாது என்று 70ஆம் உறுப்புரை பச்சையாகச் சொல்லியிருந்தது. இடையில், நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் மீண்டும் கூடிய சபைக்குள் மிளகாய்த் தூள் கரைசல் வீசப்பட்டதும், பொலிஸ் பாதுகாப்போடு சபாநாயகர் கரு ஜயசூரிய வாக்கெடுப்பு நடத்தியதும் நாம் தொலைக்காட்சியில் பார்த்தவை.

அந்தக் கலைப்பை எதிர்த்த வழக்கின் பெயர் 'சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்'. வாழ்நாள் முழுக்க இந்த அரசியலமைப்பு தம் மக்களுக்கு நியாயம் செய்யவில்லை என்று பேசிவந்த திருகோணமலைத் தலைவர் இரா. சம்பந்தன், அதே அரசியலமைப்பைக் காக்கும்படி கேட்டு முன்னின்ற மனுதாரர்களில் ஒருவர். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் கலைப்புச் செல்லாது என்றார்கள். கோட்டாபய வந்ததும் 2020இல் 20ஆம் திருத்தம் கொண்டுவந்து, 19ஆம் திருத்தம் ஜனாதிபதிக்குப் போட்டிருந்த கட்டுப்பாடுகள் பலவற்றை நீக்கினார்; மனுப் போடும் வழி மட்டும் தப்பியது. அவர் போனபின் 2022இல் 21ஆம் திருத்தம் அந்தக் கட்டுப்பாடுகளில் சிலவற்றை மீட்டது. ஒருவர் வருவதும் கதவைப் பூட்டுவதும், இன்னொருவர் வருவதும் திறப்பதுமாக நம் அரசியலமைப்பு ஒரு வாடகை வீடு போல் ஆகிவிட்டது.

பேனாவுக்கு வருவோம். 34ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்கு மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது, ஆனால் மரண தண்டனைக் கைதியென்றால் நடைமுறை ஒன்றைக் கட்டாயமாக்குகிறது. முதலில் வழக்கை விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை கேட்க வேண்டும். அந்த அறிக்கை சட்டமா அதிபரிடம் போகும். அவர் தம் ஆலோசனையை எழுதுவார். இரண்டும் நீதி அமைச்சரிடம் போகும். அவர் பரிந்துரை சேர்த்து அனுப்புவார். மூன்று பேர் எழுதிய தாள்கள் மேசைக்கு வந்த பிறகே ஜனாதிபதி பேனாவைத் தொடலாம். ஒருவரின் விருப்பு வெறுப்பில் முடிவு நிற்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு ஏற்பாடும்.

துமிந்த சில்வா விடயத்தில் இந்த ஏற்பாடு என்ன ஆனது என்பதை உயர் நீதிமன்றமே பின்னர் சொன்னது. 2011 அக்டோபர் 8, உள்ளூராட்சித் தேர்தல் நாள். ஒரே ஆளும் கூட்டணியைச் சேர்ந்த துமிந்த, பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர என்ற இரு அரசியல்வாதிகளின் அணிகள் முல்லேரியாப் பக்கம் மோதிக்கொண்டதில் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்டார். துமிந்தவுக்கு 2016இல் மரண தண்டனை, 2018இல் அது உறுதி. 2021 ஜூன் 24, பொசன் பௌர்ணமி அன்று கோட்டாபய 94 கைதிகளை விடுவித்தார். பட்டியலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட 16 தமிழ்க் கைதிகளும் இருந்தார்கள், துமிந்தவும் இருந்தார். தமிழ்க் கைதிகளுக்காக வருடக்கணக்கில் மன்றாடியவர்கள் அன்று வாய் திறந்து எதிர்க்கவும் முடியாமல் நன்றி சொல்லவும் முடியாமல் நின்றார்கள். சாமர்த்தியமான பட்டியல். அடுத்த மாதமே துமிந்த தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் தலைவர்.

கொல்லப்பட்டவரின் மனைவியும் மகள் ஹிருணிகாவும் நீதிமன்றம் போனார்கள். கோட்டாபயவின் ஆட்சி ஆட்டம் கண்டிருந்த 2022 மே 31ஆம் திகதி நீதிமன்றம் மன்னிப்பை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி 17ஆம் திகதி அதைச் செல்லாதது என்று அறிவித்தது: உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை, முடிவு தன்னிச்சையானது. அதே ஆண்டு ஜூனில் ரோயல் பார்க் மன்னிப்பும் ரத்தாயிற்று. சிறிசேன நட்டஈடு கட்ட வேண்டும், வெளிநாடு போனவரைத் திருப்பிக் கொண்டுவர நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மன்னிப்பு என்பது மன்னன் கொடுக்கும் கொடை என்ற பழைய எண்ணம் இந்த இரு தீர்ப்புகளில் முறிந்தது. கொழும்பு ஊடகங்கள் சட்டத்தின் ஆட்சிக்கு வெற்றி என்று எழுதின. சரியாகத்தான் எழுதின.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு மன்னிப்பு இருக்கிறது. 2000 டிசம்பர் 19. போரால் இடம்பெயர்ந்து உடுப்பிட்டியில் இருந்த சிலர், தென்மராட்சியில் மிருசுவிலில் விட்டுவந்த வீடு வளவு எப்படியிருக்கிறது என்று பார்த்து வரப் போனார்கள். இராணுவத்தினர் பிடித்தார்கள். எட்டுப் பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டு ஒரே இடத்தில் புதைக்கப்பட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. பதின்வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அடிகாயங்களோடு ஒருவர் மட்டும் தப்பியோடி வந்து சொன்னதால்தான் விடயம் வெளியே வந்தது, புதைகுழி தோண்டப்பட்டது, அடையாள அணிவகுப்பு நடந்தது. அந்த ஒருவர் ஓடியிராவிட்டால் எட்டுப் பேரும் 'காணாமல் போனோர்' கோப்பில் எட்டு வரிகளாகியிருப்பார்கள்.

வழக்கு கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் நடந்தது. 2015 ஜூன் 25ஆம் திகதி சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மற்ற நால்வருக்கு எதிராகச் சாட்சியம் போதவில்லை என்று விடுவித்தார்கள். 2019இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் தண்டனையை உறுதிப்படுத்தினார்கள். தமிழ்ப் பொதுமக்களைக் கொன்றதற்காக இராணுவத்தினர் தண்டிக்கப்பட்ட வழக்குகளை விரல்விட்டு எண்ணலாம். அவற்றில் எல்லா நீதிமன்றப் படிகளையும் தாண்டி நின்றது இது. நீதித்துறையில் நம்பிக்கை வையுங்கள் என்று தமிழர்களிடம் சொல்ல விரும்பியவர்களுக்குக் கையில் இருந்த நல்ல உதாரணமும் இதுதான்.

சிறையில் இருக்கும் 'போர் வீரர்களை' ஆட்சிக்கு வந்த மறுகணமே விடுவிப்பேன் என்று கோட்டாபய அநுராதபுரம் தேர்தல் மேடையில் முழங்கியிருந்தார். 2020 மார்ச் 26ஆம் திகதி, கொரோனா ஊரடங்கு போட்டு நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்த வேளையில், ரத்நாயக்க விடுதலையானார். தெருவில் இறங்கி எதிர்க்க ஆளில்லை. ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் கண்டித்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள்.

துமிந்தவுக்கு எதிராக எழுப்பப்பட்ட கேள்விகள்தான் இங்கேயும். மூன்று நீதிபதிகளிடம் அறிக்கை கேட்கப்பட்டதா? சட்டமா அதிபர் என்ன எழுதினார்? நீதி அமைச்சர் என்ன பரிந்துரைத்தார்? குழந்தையைக் கொன்ற வழக்கில் கருணை காட்ட எந்தக் காரணம் பதியப்பட்டது? பின்னால் வந்த துமிந்த மன்னிப்பு மூன்று வருடத்துக்குள் ரத்தாகிவிட்டது. முன்னால் வந்த மிருசுவில் மன்னிப்பு மீதான மனுக்களோ தவணை தவணையாக இழுபட்டன. நீதியரசர்கள் பாரபட்சம் பார்த்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. வழக்குகள் தாமாக நகர்வதில்லை, யாராவது தள்ள வேண்டும். ஹிருணிகா முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். நுகேகொடையில் மெழுகுவர்த்தி ஏற்றினாலும் கமெரா வரும். மிருசுவிலில் செத்தவர்களின் வீட்டார் தோட்டம் துரவு பார்ப்பவர்கள். கொழும்புக்கு ஒரு தவணைக்குப் போய்வர இரண்டு நாள் கூலி போகும்.

கோட்டாபய தொடர்பான இன்னொரு யாழ்ப்பாணக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இரு அரசியல் செயற்பாட்டாளர்கள் காணாமல் போனார்கள். ஆட்கொணர்வு மனு விசாரணையில் சாட்சி சொல்ல, அவர்கள் காணாமல் போன காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபயவை யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றம் அழைத்தது. பாதுகாப்புக் காரணங்களால் யாழ்ப்பாணம் வர முடியாது என்றார் அவர். மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2019இல் அவர் பக்கம் நின்றது. வடக்கை மீட்டு அமைதி கொண்டுவந்தேன் என்று வாக்குக் கேட்டவர், அந்த அமைதியை நம்பி ஏ9 வீதியில் ஒரு நாள் பயணம் வரத் தயாராயில்லை.

2022 ஜூலை 13 அதிகாலை அவர் விமானப்படை விமானத்தில் மாலைதீவு போய், அங்கிருந்து சிங்கப்பூர் போய், இராஜினாமாக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். அதன் பிறகு தீர்ப்புகள் வரிசையாக வந்தன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை முன்கூட்டித் தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் சிறிசேனவுக்கு 10 கோடி ரூபாய் நட்டஈடு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் பிள்ளைகளை இழந்தவர்களுக்கான பணத்தை அவர் தவணை கேட்டுக் கேட்டுக் கட்டினார். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தீர்ப்பு: பொருளாதாரச் சீரழிவுக்குக் கோட்டாபய, மகிந்த, பசில் என்ற ராஜபக்ச சகோதரர்கள் மூவரும் மத்திய வங்கி முன்னாள் ஆளுநர்களும் பொறுப்பு. நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஆளுக்கு ஒன்றரை இலட்சம். மண்ணெண்ணெய் வரிசையில் மயங்கி விழுந்தவனுக்கு ஒரு சதமும் இல்லை. யாரும் ஒரு நாள்கூடச் சிறை போகவில்லை. அடிப்படை உரிமை வழக்கு என்பதன் எல்லை அவ்வளவுதான். அது பழியைச் சுமத்தும், தண்டனை தராது.

சிறை என்று பார்த்தால், முன்னாள் ஜனாதிபதி ஒருவர் முதன்முதலாகக் கைதானது 2025 ஆகஸ்ட் 22ஆம் திகதி. 2023இல் தம் மனைவியின் பட்டமளிப்பு நிகழ்வுக்காக லண்டனில் தங்கிய தனிப்பட்ட பயணத்துக்கு 1 கோடி 66 இலட்சம் ரூபாய் அரச பணம் செலவழித்தார் என்பது ரணில் விக்கிரமசிங்க மீதான குற்றச்சாட்டு. அவர் மறுக்கிறார். நாலு நாளில் பிணை கிடைத்தது. அதற்குள், 2018இல் அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்த மகிந்தவே சிறைச்சாலைக்குப் போய் அவரைப் பார்த்தார். எதிரும் புதிருமாக நின்ற பழைய தலைகள் எல்லாம் ஒரே மேடையில் ஜனநாயகத்துக்காகக் கவலைப்பட்டன. செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது, மகிந்த விஜேராம மாவத்தை வீட்டைக் காலிசெய்து தங்காலைக்குப் போனார். மக்கள் ரசித்தார்கள். எனக்கும் ரசிக்கத்தான் தோன்றியது. ஆனால் 34, 35 இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 1994இல் சந்திரிகா சொன்னதை மகிந்த சொன்னார், சிறிசேன சொன்னார், 2024இல் அநுர குமார திசாநாயக்கவும் சொல்லி வென்றார்.

2025 வெசாக் தினத்தில் 388 கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. அநுராதபுரம் சிறையிலிருந்து, நிதி மோசடிக் கைதி ஒருவரும் அந்த மன்னிப்பின் பெயரில் வெளியே வந்துவிட்டார். அவருடைய பெயர் தாம் அனுமதித்த பட்டியலில் இல்லை என்றது ஜனாதிபதி செயலகம். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இறங்கியது. அநுராதபுரச் சிறை அத்தியட்சகர் கைது. ஜூன் மாதம் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைது. ஜனாதிபதியின் கையெழுத்து இல்லாமல் ஒரு மோசடிக்காரர் வெளியே போனதற்குப் பொறுப்பாளிகளைப் பிடிக்க ஒரு மாதம் போதுமாயிருந்தது. கையெழுத்தோடு வெளியே போன சார்ஜன்டின் கோப்புக்கு அப்போது ஐந்து வருடம் கடந்திருந்தது.